அரிசி கற்பித்த பாடம்

நம் வீட்டுப் பிள்ளைகள் இடைநிலைப் பள்ளியிலிருந்து கொண்டுவரும் விஞ்ஞானப் புத்தகத்தைப் புரட்டினால் உணவுச் சத்துக்கள் என்று ஓர் அத்தியாயம் இருக்கும். சில பக்கங்கள் தள்ளி நுண்ணுயிர்கள் என்று மற்றோர் அத்தியாயம். அதற்கும் பின்னால் தொற்றுநோய்கள் என்று இன்னொன்று. பிள்ளைகள் ஒவ்வொன்றையும் தனித்தனியே நெட்டுருப் போட்டுப் பரீட்சை எழுதிவிட்டு மறந்துவிடுவார்கள். ஆனால் இம்மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. அதனை உலகுக்கு உணர்த்திய ஆராய்ச்சிகளுள் சில இந்த மலாயா மண்ணிலேதான் நடந்தன. அவற்றுக்குக் கருவியாய் அமைந்ததோ நம் கடைகளில் நாம் நிறுத்து விற்கும் அரிசி! ஆகவே வணிகப் பெருமக்கள் இப்பாடத்தைப் பிள்ளைகளோடு கூட அமர்ந்து படிப்பது பொருத்தமே.

முதலில் சத்துக்களைப் பார்ப்போம். உடம்பு என்பது ஓயாமல் நடக்கும் ஒரு வியாபாரம். அதற்கு வரும் சரக்குகளில் மூன்று, மூட்டை மூட்டையாக வருபவை. சோறு, ரொட்டி, கிழங்கு ஆகியவற்றிலுள்ள மாவுச்சத்து ஒன்று. எண்ணெய், நெய், தேங்காய் தரும் கொழுப்பு இரண்டாவது. மீன், இறைச்சி, முட்டை, பருப்பு தரும் புரதம் மூன்றாவது. முதலிரண்டும் பெரும்பாலும் எரிபொருள். புரதமோ தசையையும் இரத்தத்தையும் கட்டுவது. இவையன்றி இரும்பு, சுண்ணாம்பு, அயோடின் போன்ற தாது உப்புக்களும், வைட்டமின் எனப்படும் உயிர்ச்சத்துக்களும் வேண்டும். இவை சிட்டிகை அளவே வேண்டுபவை. சிட்டிகை என்பதுகூட மிகை. வைட்டமின் பி1 என்றும் தயமின் என்றும் வழங்கும் உயிர்ச்சத்து, வளர்ந்த ஆள் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிகிராமுக்குச் சற்று மேல் போதும். ஓர் அரிசி மணியின் எடையே ஏறத்தாழ 20 மில்லிகிராம் என்றால் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். உடம்பு முழுவதிலும் இருக்கும் தயமின் இருப்பைத் திரட்டினாலும் சுமார் 30 மில்லிகிராம், அஃதாவது ஒன்றரை அரிசி மணியின் எடைதான் தேறும். வரவு நின்றால் சில வாரங்களில் இருப்பு தீர்ந்துவிடும்.

இத்துணைச் சிறு பொருளுக்கு என்ன வேலை? சோற்றிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாகி, உடம்பினுள் எரிந்து சக்தி தருகிறது. அவ்வெரிப்பில் ஒரு முக்கியமான கட்டத்தைத் தயமின் இல்லாமல் தாண்ட முடியாது. கிடங்கு நிறையச் சரக்கு இருந்தும் சாவி தொலைந்துபோன கடைக்காரர் என்ன செய்வார்? வயிறு நிறையச் சோறு உண்டும் தயமின் இல்லாத உடம்பின் நிலை அதுவே. நரம்புகளும் இதயமும் ஓய்வின்றிச் சக்தி கேட்பவை. ஆதலால் அவையே முதலில் தளரும். சிலருக்குக் கால் மரத்துத் தசை மெலிந்து நடை தள்ளாடும். வேறு சிலருக்கு உடம்பு நீர் கோத்து வீங்கி, மூச்சு முட்டி, இதயம் நின்றே போகும். இந்நோய்க்குப் பெரிபெரி என்று பெயர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மலாயாவில் பெரிபெரியால் மாண்டவர்களுக்குக் கணக்கில்லை. ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர், சிறைக் கைதிகள், ஆஸ்பத்திரிகளிலேயே கிடந்த நோயாளிகள் ஆகியோரே பெரும்பாலும் அதற்கு இரையானார்கள். கூட்டமாக வாழும் இடங்களில் வருவதால் இஃது ஒரு தொற்றுநோயே என்று டாக்டர்கள் உறுதியாக நம்பினர்.

அவர்கள் அப்படி நம்பியதிலும் நியாயம் இல்லாமலில்லை. அது கிருமி விஞ்ஞானம் கொடிகட்டிப் பறந்த காலம். ஜெர்மானியரான ராபர்ட் கோக் 1882இல் க்ஷயரோகக் கிருமியைக் கண்டுபிடித்தார். அடுத்து எகிப்திலும் கல்கத்தாவிலும் ஆராய்ந்து, வாந்திபேதியாகிய காலராவின் கிருமியை 1884இல் அடையாளங் காட்டினார். எந்த நோயைப் பார்த்தாலும் அதற்கு ஒரு கிருமி இருக்க வேண்டும் என்று தேடத் தொடங்கினார்கள் விஞ்ஞானிகள். டச்சுக்காரர்கள் 1886இல் ஜாவாவுக்கு ஓர் ஆராய்ச்சிக் குழுவை அனுப்பியது பெரிபெரிக் கிருமியைப் பிடிக்கத்தான். அக்குழு படை வீரர்களின் கொட்டகைகளைக் கிருமிநாசினி கொண்டு சுத்தம் செய்யும்படி சொல்லிவிட்டுத் திரும்பியது. நோயோ அசையவில்லை.

அக்குழுவோடு வந்து பத்தாவியாவில் தங்கிவிட்டவர் கிறிஸ்டியான் ஐக்மன் என்ற இளம் டாக்டர். கிருமியைத் தேடுவதற்காக அவர் வளர்த்த கோழிகளுக்குத் திடீரென்று கால் முடங்கியது. பெரிபெரி போலவே இருந்தது. சில மாதங்களில் அவை தாமே குணமடைந்துவிட்டன. விசாரித்தால் விஷயம் சமையற்கட்டில் இருந்தது! ராணுவ ஆஸ்பத்திரியில் மிஞ்சிய தீட்டிய வெள்ளையரிசிச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். புதிதாக வந்த சமையற்காரர், ராணுவத்து அரிசியை இக்கோழிகளுக்குக் கொடுப்பதற்கில்லை என்று நிறுத்திவிட்டார். பிறகு தீட்டாத அரிசி தின்ற கோழிகள் எழுந்து நடந்தன. பெயர் தெரியாத அந்தச் சமையற்காரரின் கண்டிப்புக்கு விஞ்ஞானம் கடமைப்பட்டிருக்கிறது என்றே சொல்லலாம். ஆயினும் ஐக்மன், அரிசிக்குள் ஒரு நஞ்சு இருக்கிறது, தவிடு அதற்கு மாற்று மருந்து என்றே எண்ணினார். நஞ்சு எதுவுமில்லை, வேண்டிய ஒரு பொருள் இல்லாமற் போனதே காரணம் என்று 1901இல் எடுத்துரைத்தவர் அவருக்குப் பின் அப்பணியை ஏற்ற கிரைன்ஸ்.

இனி மலாயாவுக்கு வருவோம். நெகிரி செம்பிலானில் அரசாங்க டாக்டராயிருந்த பிராடன் என்பவர் ஒரு வியாபாரியின் கண்ணோடு இந்நோயைப் பார்த்தார் எனலாம். ஒரே ஊர், ஒரே காற்று, ஒரே மழை. சீனருக்கு நோய் வருகிறது, தமிழருக்கு வருவதில்லை, கிராமத்து மலாய்க்காரருக்கும் அநேகமாக வருவதில்லை. கிருமி என்றால் அது மனிதனின் இனம் பார்த்தா ஏறும்? யார் எந்த அரிசி வாங்குகிறார்கள் என்று அவர் கவனித்தார். மலாய்க்காரர் சொந்த நெல்லை அவ்வப்போது குற்றி உண்டனர். சீனர் ஆலையில் தீட்டிய சயாம் பச்சரிசியை உண்டனர். தமிழர் வாங்கியதோ இந்தியப் புழுங்கல் அரிசி. ஆகவே நோய் அரிசியில்தான் இருக்கிறது என்று எழுதினார். 1907இல் இதுபற்றிப் பெரிய நூலொன்றையும் வெளியிட்டார்.

இதனை நேருக்கு நேர் சோதித்தவர் டாக்டர் வில்லியம் பிளெச்சர். கோலாலம்பூர் மனநோய் ஆஸ்பத்திரியில் பெரிபெரி அடிக்கடி உயிர்களைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. 1905 டிசம்பரில் அவர் நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண் வந்தவர்கள் ஒரு புறத்து வார்டுக்கும், இரட்டைப்படை எண் வந்தவர்கள் மறுபுறத்து வார்டுக்கும் சென்றனர். முதல் வகுப்பாருக்குப் பழையபடி சயாம் அரிசி. மற்றவர்களுக்குப் புழுங்கல் அரிசி. மற்ற உணவெல்லாம் ஒன்றே. ஓராண்டுக்குப் பின் கணக்கெடுத்தார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ஏறத்தாழ 120 பேர். சயாம் அரிசி உண்டவர்களில் 30 பேருக்கு மேல் நோய் கண்டது; 18 பேர் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்டவர்களில் நோய் இருந்தது 2 பேருக்கே. அவ்விருவரும் ஆஸ்பத்திரிக்கு வரும்போதே நோயோடு வந்தவர்கள். இடத்தில்தான் தோஷமோ என்ற ஐயத்தைப் போக்க, நடுவில் இரு சாராரையும் வார்டு மாற்றியும் பார்த்துவிட்டார். நோய் அரிசியைத்தான் பின்தொடர்ந்தது, வார்டை அன்று.

தம் சம்மதத்தைக் கேட்கக்கூட ஆளில்லாத நோயாளிகள்மீது செய்யப்பட்ட சோதனை இது. இக்காலத்தில் இதற்கு அனுமதி கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. பதினெட்டு உயிர்களின் விலையில் வந்த அறிவு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது மறைக்க வேண்டியதில்லை.

அடுத்து, கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டான்டனும் ஜெலுபு வட்டாரத்துக் காட்டில் சாலை போட வந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளரிடையே இதையே மறுபடியும் சோதித்தனர். வெள்ளையரிசி உண்டவர்களிடம் ஏறத்தாழ மூன்று மாதத்தில் பெரிபெரி தலைகாட்டியது; புழுங்கல் அரிசி உண்டவர்களிடம் இல்லை. ஆலையில் தீட்டும்போது உதிரும் தவிட்டில் அந்த அரும்பொருள் போய்விடுகிறது என்பதையும் அவர்கள் நிலைநாட்டினர்.

நெல்லைப் பற்றி வியாபாரிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் ஒன்று கூறுவேன். உமிக்குள் அரிசியைச் சுற்றி மெல்லிய தவிட்டுப் படலமும், ஒரு முனையில் முளைக்கருவும் உண்டு. தயமின் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. தவிட்டில் எண்ணெயும் உண்டு. நாட்பட்டால் காறல் வாடை வீசும். ஆகவே கப்பலேறி வந்து கிடங்கில் மாதக்கணக்கில் கிடக்க வேண்டிய அரிசியை நன்றாகத் தீட்டி வெள்ளையாக்குவதே வியாபாரத்துக்கு வசதியாயிருந்தது. பார்வைக்கும் அழகு. நம் முன்னோரோ நெல்லை ஊறவைத்து, உமியோடு அவித்து, உலர்த்திய பிறகு குற்றினார்கள். அப்படி அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமினில் ஒரு பகுதி நீரில் கரைந்து அரிசியின் உட்பகுதிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் அது முழுதும் போவதில்லை. தயமின் என்ற பெயரை அறியாமலே நம்மவர் அதைக் காப்பாற்றியிருக்கிறார்கள். எனினும் அவர்கள் இந்த நோக்கத்தோடுதான் நெல்லை அவித்தார்கள் என்று பெருமை பேசுவது சரியன்று. மணி நொறுங்காமலும் பூச்சி அரிக்காமலும் இருக்கிறது என்பதே அவர்கள் கண்ட லாபம்.

வைட்டமின் என்ற பெயரைப் போலந்துக்காரரான பங்க் 1912இல் சூட்டினார். தயமினைத் தவிட்டிலிருந்து தனியே பிரித்தெடுத்தது 1926இல், பத்தாவியாவில். 1936இல் அதனை இரசாயனச் சாலையில் செய்து காட்டியவர் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர். அவர் பிறந்த ஊர் எது தெரியுமா? அரிசிக்குப் பெயர்போன நெல்லூர்!

தமிழர் பெரிபெரிக்குத் தப்பினார்கள் என்றதும் அவர்கள் மலாயாவில் நோயின்றி வாழ்ந்தார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். தோட்டங்களில் அவர்களை அள்ளிக்கொண்டு போனது மலேரியா. இங்கே டாக்டர்களின் தவறு நேர்மாறானது. பெரிபெரியில் இல்லாத கிருமியைத் தேடினார்கள். மலேரியாவில் இருந்த கிருமியை நெடுங்காலம் காணாமல் கெட்ட காற்றைக் குறை கூறினார்கள். மலேரியா என்ற சொல்லே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் பொருள்படும்.

இங்கேதான் ஓரணு உயிர்களின் அத்தியாயம் வருகிறது. நம் உடம்பு கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வேலை. ஆனால் ஒரே உயிரணுவே முழுப் பிராணியாய் வாழும் உயிர்களும் உண்டு. உண்பதும், கழிப்பதும், பெருகுவதும் அந்த ஒன்றுக்குள்ளேயே. ஆளில்லாமல் ஒருவரே கல்லாவிலும் கிடங்கிலும் நிற்கும் பெட்டிக்கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். குட்டை நீரில் ஊரும் அமீபா அவ்வகையது. ரொட்டி மாவை உப்பச் செய்யும் ஈஸ்ட்டும், பாலைத் தயிராக்கும் பாக்டீரியாவும் ஓரணு உயிர்களே. ஆகவே இவை யாவும் பகைவர் அல்ல. காலரா, டைபாய்டு, க்ஷயம் ஆகியவற்றைத் தருவன பாக்டீரியா. டிங்கிக் காய்ச்சலையும் சளிக்காய்ச்சலையும் தருவது வைரஸ். அஃது உயிரணுவே அன்று, உயிரணுவுக்குள் புகுந்தாலன்றிப் பெருக முடியாத சிறு பொருள். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து வைரஸிடம் பலிக்காததற்கு இதுவே காரணம். சளி பிடித்ததும் அம்மருந்தைக் கேட்டு கிளினிக்கில் நிற்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

மலேரியாவைத் தருவது பிளாஸ்மோடியம் என்னும் ஓரணு உயிர். 1880இல் அல்ஜீரியாவில் லாவரான் என்ற பிரெஞ்சு ராணுவ டாக்டர் ஒரு நோயாளியின் இரத்தத்தில் அதை நேரில் கண்டார். 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் அதனைக் கொசுவின் வயிற்றில் கண்டார். அனோபிலிஸ் பெண்கொசு கடிக்கும்போது அது நம் உடம்பினுள் இறங்கி, முதலில் ஈரலில் பெருகி, பின் இரத்தத்தின் சிவப்பணுக்களுக்குள் புகுந்து, அவற்றைத் தின்று, ஒரே நேரத்தில் வெடித்து வெளிவருகிறது. அவ்வாறு வெடிக்கும் வேளைதான் குளிரும் நடுக்கமும் காய்ச்சலும். ஒருநாள் விட்டு ஒருநாள் வருவதால் நம் மூத்தோர் இதனை முறைக்காய்ச்சல் என்றனர்.

ராஸ் கண்டுபிடித்து நான்கே ஆண்டுகளில், 1901இல், கிள்ளானுக்கு டாக்டராக வந்து சேர்ந்தார் மால்கம் வாட்சன். அதே ஆண்டு திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் (இன்றைய போர்ட் கிள்ளான்) மலேரியா புகுந்து, துறைமுகத்தையே மூடிவிடலாமா என்று யோசிக்கும் நிலை வந்தது. வாட்சன் சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டினார், காட்டை அழித்தார், நோய் அடங்கிற்று. அதே முறையை மலைப்பாங்கான தோட்டங்களில் செய்தபோதோ காய்ச்சல் கூடிவிட்டது! சமவெளிச் சதுப்பில் பெருகும் அனோபிலிஸுக்கு நிழல் வேண்டும். மலையோடையில் பெருகும் அனோபிலிஸ் வேறு இனம், அதற்கு வெயில் வேண்டும். காட்டை வெட்டி அதற்கு வெயிலை நாமே கொடுத்துவிட்டோம். பிறகு ஓடைகளைப் பூமிக்கடியில் குழாயில் விட்டும், நீர்மேல் எண்ணெய் தெளித்தும் அடக்கினார்கள். எதிரி யார் என்பதோடு அவன் குடியிருக்கும் வீடும் தெரிந்தாக வேண்டும் போலும். சிங்கப்பூர் 1982இல் மலேரியா அற்ற நாடு என்று உலகச் சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. மலேசியாவில் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்நாட்டு மலேரியா 2018 முதல் இல்லை. ஆனால் காட்டுக் குரங்கிடமிருந்து கொசு கொண்டுவரும் மற்றொரு வகை இன்னும் இருக்கிறது. காட்டோரம் வேலை செய்வோர் காய்ச்சலை அலட்சியம் செய்யலாகாது.

சத்துக் குறைவும் கிருமியும் கைகோத்தால் என்ன ஆகும்? ஜப்பானியர் ஆட்சியில், 1942-43இல், சயாம்-பர்மா ரயில்பாதை போடக் கொண்டுபோகப்பட்ட மலாயாத் தமிழர்களின் கதி அதற்குச் சாட்சி. கிடைத்ததோ தீட்டிய அரிசிச் சோறு, அதுவும் அரைவயிறு. பெரிபெரி கால்களை வாங்கியது; மலேரியா இரத்தத்தைக் குடித்தது; 1943 மழைக்காலத்தில் காலரா புகுந்தபோது எதிர்த்து நிற்க உடம்பில் ஒன்றுமில்லை. பல்லாயிரவர் திரும்பவேயில்லை. கிருமியை எதிர்க்கும் பொருள்களை உடம்பு புரதத்தைக் கொண்டே செய்கிறது. புரதமில்லாத உடம்பு காவலாளிக்குச் சம்பளம் கொடுக்க வழியற்ற கடை. பேதியோ உண்ட கொஞ்சத்தையும் வெளியே தள்ளிவிடும். இரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பவை. அதே காலத்தில் சிங்கப்பூர்ச் சாங்கி முகாமில் அடைபட்டிருந்த போர்க்கைதிகளின் டாக்டர்கள், தவிட்டையும் ஈஸ்ட்டையும் கொடுத்துப் பெரிபெரியைத் தணிக்க முயன்றனர். மாட்டுக்குப் போடும் தவிடு அங்கே மருந்தாயிற்று.

இன்று பருப்பு, மீன், இறைச்சி, முட்டை, கோதுமை எல்லாம் கலந்து உண்பதால் பெரிபெரி நம்மிடையே அரிது. ஆயினும் தயமின் நீரில் கரைவது. பச்சரிசியை ஐந்தாறு முறை பிசைந்து கழுவிக் கஞ்சியையும் வடித்துக் கொட்டினால் இருக்கிற கொஞ்சமும் சாக்கடைக்குத்தான். புழுங்கல் அரிசியில் இந்த நஷ்டம் குறைவு. பயறு வேகும் பானையில் சோடா உப்பைப் போட்டாலும் தயமின் அழியும்.

உணவுக்கடை நடத்துவோருக்கு அரிசியைப் பற்றியே இன்னொரு செய்தி உண்டு. வேகாத அரிசியில் பசில்லஸ் செரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துக்கள் இருப்பது சகஜம். கொதிக்கும் நீரும் அவ்வித்துக்களை முழுதும் கொல்வதில்லை. பெரிய சட்டியில் சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது வித்து முளைத்துப் பெருகத் தொடங்கும். வசதியான சூட்டில் பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிளக்கக்கூடும். நண்பகல் 12 மணிக்கு ஒன்று என்றால் மாலை 7 மணிக்கு எத்தனை? 21 முறை இரட்டித்துப் பாருங்கள்: 20,97,152. அது சோற்றில் கக்கும் நஞ்சு, உண்டவருக்குச் சில மணி நேரத்தில் வாந்தியை உண்டாக்கும். ஆகவே சோற்றை 60 டிகிரிக்கு மேல் சூடாகவே வைத்திருக்க வேண்டும். அன்றேல் அகலத் தட்டுகளில் பரப்பி விரைவில் ஆறவைத்து, 5 டிகிரிக்குக் கீழே குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். பெரிய பாத்திரத்தோடு உள்ளே வைத்தால் நடுப்பகுதி ஆற நெடுநேரமாகும். மாலைவரை வெளியே கிடந்த சோற்றை மறுநாள் வாணலியில் போட்டுப் புகைய வறுத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். வறுத்தால் கிருமி சாகும். அது கக்கிவைத்த நஞ்சு அந்தச் சூட்டுக்கு அசையாது. அச்சோற்றைக் கொட்டிவிட்டு அன்றைய செலவுக் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.